பாட்டரியை மாற்றுமுன் அளந்து பாருங்கள்

வியாபாரம் செய்யும் நம் சகோதரர்களில் பெரும்பாலோர் சொந்த வண்டி வைத்திருக்கிறார்கள். சிலரிடம் கார், சிலரிடம் வேன், மொத்த வியாபாரிகளிடம் சிறு லோரியும் உண்டு. விடியுமுன் செலாயாங்கிலோ பாசிர் பாஞ்சாங்கிலோ உள்ள மொத்தச் சந்தைக்குப் போய்ச் சரக்கெடுத்து வருகிறவர், சாவியைத் திருப்பியதும் 'கடக்' என்ற ஒரே சத்தத்தோடு வண்டி நின்றுவிட்டால் அன்றைய வியாபாரத்தில் பாதியை இழந்தவராகிறார். பிந்திப் போனால் நல்ல மீன் இராது. காய்கறியும் பிறர் கழித்துப் போட்டதுதான் கிடைக்கும்.

வண்டி இப்படி நின்றவுடன் நம்மில் அநேகர் செய்வது ஒன்றே. 'பாட்டரி போய்விட்டது' என்று தீர்மானித்துப் புதிய பாட்டரி ஒன்றை வரவழைத்துப் பூட்டிக்கொள்கிறோம். இரண்டு மூன்று வாரம் நன்றாக ஓடுகிறது. மறுபடியும் அதே சத்தம். இம்முறை பட்டறைக்காரர், 'ஆல்டர்னேட்டர் சரியில்லை' என்கிறார். அதையும் மாற்றுகிறோம். மூன்றாம் முறை ஸ்டார்ட்டர் மோட்டாரின் முறை வருகிறது. நல்ல சாமான்களைக் கழற்றிப் போட்டுவிட்டு வேறு சாமான்களை வாங்கிப் பூட்டியிருக்கிறோமே தவிர, பழுது இருந்த இடத்திலேயே இருக்கிறது.

இதைத் தவிர்க்கப் பெரிய படிப்பு தேவையில்லை. பாட்டரி ஒன்றின் விலையில் சிறு பங்குக்குக் கிடைக்கும் மீட்டர் ஒன்றும், அரை மணி நேரப் பொறுமையும் போதும். மின்சாரம் எங்கே குறைகிறது என்பதை வீட்டு வாசலிலேயே அளந்து பார்க்கும் முறையைத்தான் இக்கட்டுரையில் சொல்லப் போகிறோம்.

கணக்குப் புத்தகம் போல

வண்டியின் மின்சார ஏற்பாட்டைக் கடைக் கணக்கைப் போல் பார்த்தால் எளிதில் விளங்கும். பாட்டரி என்பது கையிருப்பு. ஆல்டர்னேட்டர் என்பது அன்றாட வரவு. யந்திரம் ஓடும்போது பெல்ட் மூலம் சுழன்று மின்சாரம் உண்டாக்கி, ஓடும் செலவுகளுக்கும் கொடுத்து, மிச்சத்தைப் பாட்டரியில் சேர்க்கிறது. ஸ்டார்ட்டர் மோட்டார், விளக்குகள், ஏர்கோன் விசிறி, ரேடியோ இவையெல்லாம் செலவு. இம்மூன்றையும் இணைக்கும் ஒயர்களும் முனைகளும் பணம் கைமாறும் வழி.

கையிருப்பு குறைந்திருக்கிறது என்றால் காரணம் பலவாக இருக்கலாம். வரவு நின்றிருக்கலாம். கடை மூடிய பிறகு யாரோ எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். பெட்டியே ஓட்டையாகியிருக்கலாம். அல்லது முதலும் வரவும் சரியாக இருந்தும், வழியில் ஏதோ ஒரு தடை இருந்து பணம் வந்து சேராமல் இருக்கலாம். இந்தக் கடைசிக் காரணத்தைத்தான் நம்மவர்கள் அடியோடு மறந்துவிடுகிறார்கள். கண்ணுக்குத் தெரியாததால் அதன்மேல் சந்தேகமும் எழுவதில்லை.

மீட்டரைப் பிடிக்கும் விதம்

கையில் பிடிக்கும் டிஜிட்டல் மீட்டரே போதுமானது. அதன் திருகைக் காரின் நேர்மின்சாரத்துக்கு உரிய '20 வோல்ட்' என்ற இடத்தில் வையுங்கள். கறுப்பு ஒயர் பொதுத் துளையில் இருக்கட்டும். சிவப்பு ஒயர் வோல்ட் என்று குறித்த துளையில்தான் இருக்க வேண்டும். '10 ஆம்பியர்' என்ற துளையில் அதை மறந்து வைத்துவிட்டுப் பாட்டரியின் இரு முனைகளையும் தொட்டால், ஒரு ஸ்பானரைக் குறுக்கே வைத்ததற்கு அது சமம். பொறி பறக்கும், மீட்டரும் பாழாகும்.

வேலையைத் தொடங்குமுன் கையைப் பாருங்கள். நம்மவர்களில் பலர் வெள்ளி மோதிரம் அணிகிறவர்கள். உலோகங்களுக்குள் மின்சாரத்தை மிக நன்றாகக் கடத்துவது வெள்ளிதான். பாட்டரி முனைக்கும் வண்டியின் இரும்புக்கும் இடையே மோதிரம் மாட்டிக்கொண்டால், அது நொடியில் பழுத்து விரலைச் சுட்டுவிடும். ஆகவே மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் கழற்றிச் சட்டைப்பையில் போடுங்கள். யந்திரத்தை ஓடவிட்டுச் செய்யும் சோதனைக்குக் கைலியோடு போய் நிற்க வேண்டாம். சுழலும் பெல்ட் துணியைப் பற்றினால் விடாது. பாட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிப்படும். அதனால் சிகரெட்டும் நெருப்பும் பக்கத்தில் கூடாது. அதில் உள்ளது கந்தக அமிலம். கண்ணில் பட்டால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே இருந்து, உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

முதல் மூன்று அளவுகள்

இரவு முழுவதும் நின்ற வண்டியில், காலையில் சாவியைத் தொடுமுன் முதல் அளவை எடுங்கள். காரின் பாட்டரியில் ஆறு அறைகள் உண்டு. முழுதாகச் சார்ஜ் ஏறியிருக்கும்போது ஒவ்வோர் அறையும் ஏறத்தாழ 2.1 வோல்ட் தரும். ஆகவே நிறைந்த பாட்டரி 12.6 வோல்ட் அல்லது அதற்குச் சற்று மேல் காட்டும். 12.4 என்றால் முக்கால் பங்கு, 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால் பங்குதான் மிச்சம் என்று கொள்ளலாம். 11.8க்குக் கீழே போனால் ஏறக்குறையக் காலி. வண்டியை ஓட்டி நிறுத்திய உடனே அளந்தால் பொய்யான உயர்ந்த அளவு காட்டும், நம்ப வேண்டாம்.

இரண்டாம் அளவு, ஸ்டார்ட்டர் சுழலும்போது. வீட்டில் ஒருவரைச் சாவியைத் திருப்பச் சொல்லிவிட்டு மீட்டரைப் பாருங்கள். கியர் நடுநிலையில் இருக்கட்டும், கை பிரேக் இழுத்திருக்கட்டும். நல்ல பாட்டரி 10 வோல்ட்டுக்குமேல் நிற்கும். நன்றாகச் சார்ஜ் ஏறிய பாட்டரியே 9.6க்குக் கீழே விழுந்தால் அதன் காலம் முடிந்தது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். நம் நாட்டு வெப்பத்தில் பாட்டரிகள் குளிர்நாட்டில் உழைக்கும் காலத்துக்கு உழைப்பதில்லை.

ஆனால் இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. ஸ்டார்ட்டர் மிக மெதுவாக முனகுகிறது. பாட்டரியோ 11 வோல்ட்டுக்குமேல் அசையாமல் நிற்கிறது. இதன் பொருள் என்ன? பாட்டரி கொடுக்கத் தயாராக இருக்கிறது, ஆனால் அதனிடமிருந்து யாரும் வாங்கவில்லை. வழியில் தடை இருக்கிறது, அல்லது ஸ்டார்ட்டரே வாங்க முடியாத நிலையில் இருக்கிறது. இந்த நிலையில் புதுப் பாட்டரி வாங்குவது வீண் செலவு.

மூன்றாம் அளவு, யந்திரம் ஓடும்போது. பாட்டரியின் முனைகளில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருந்தால் வரவு சரி. யந்திரம் நன்கு சூடேறியிருந்தால் சற்றுக் குறையலாம், குற்றமில்லை. முன்விளக்கையும் விசிறியையும் போட்டு, யந்திரத்தைச் சற்று வேகமாக ஓடவிட்டும் 13.5க்கு மேல் நிற்கிறதா என்று பாருங்கள். 12.6க்கு ஏறாமல் படிப்படியாக இறங்கிக்கொண்டே போனால் வரவே இல்லை. வண்டி கையிருப்பைத் தின்று ஓடுகிறது. 15 வோல்ட்டைத் தாண்டினால் பாட்டரி வெந்துபோகும். ஆல்டர்னேட்டரின் ரெகுலேட்டரைச் சந்தேகிக்க வேண்டும். அண்மைக் காலத்து வண்டிகள் சிலவற்றில் எரிபொருளை மிச்சப்படுத்தக் கணினியே சார்ஜை ஏற்றி இறக்குகிறது. அவற்றில் சில நேரம் 12.8 காட்டிப் பிறகு 14க்கு மேல் தாவும். அத்தகைய வண்டியில் ஒரே ஓர் அளவைக் கொண்டு முடிவு கட்டக் கூடாது.

வழியில் காணாமற்போகும் வோல்ட்

இனி முக்கிய விஷயத்துக்கு வருகிறோம். கிட்டங்கியில் நூறு மூட்டை ஏற்றினோம், கடையில் தொண்ணூறு இறங்கியது என்றால், இரு முனையிலும் எண்ணிப் பார்த்துத்தானே நட்டத்தைக் கண்டுபிடிக்கிறோம்? மின்சாரத்திலும் அதே வழிதான்.

ஜெர்மானிய அறிஞர் ஓம் 1827-ஆம் ஆண்டு வெளியிட்ட கணக்கு இதற்கு உதவுகிறது. தடையை மின்னோட்டத்தால் பெருக்கினால் அந்த இடத்தில் இழக்கும் வோல்ட் கிடைக்கும். ஒரு சிறு காரின் ஸ்டார்ட்டர் சுழலும்போது 100 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். துருவோ அழுக்கோ படிந்த இணைப்பு ஒன்றில் ஓம் அலகில் நூற்றில் ஒரு பங்கு தடை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சாதாரண மீட்டரில் அந்தத் தடையை அளக்கவே முடியாது. பூஜ்யம் என்றே காட்டும். ஆனால் 100 ஆம்பியர் பாயும்போது அதே இடத்தில் ஒரு முழு வோல்ட் காணாமற்போய்விடும். ரேடியோவுக்கும் கடிகாரத்துக்கும் அதே இணைப்பு தாராளமாகப் போதும். அதனால்தான் 'விளக்கு எரிகிறதே, ஒயர் நன்றாகத்தானே இருக்கிறது' என்று ஏமாந்து போகிறோம்.

எனவே தடையை அளக்க வேண்டாம். மின்சாரம் பாயும்போது இழக்கும் வோல்ட்டை அளவுங்கள். மீட்டர் 20 வோல்ட் இடத்திலேயே இருக்கட்டும். ஒரே வழியின் இரு முனைகளிலும் மீட்டரின் இரு ஊசிகளை வையுங்கள். வழி சுத்தமாக இருந்தால் பூஜ்யத்தை ஒட்டிக் காட்டும். எவ்வளவு காட்டுகிறதோ அவ்வளவும் அந்த வழியில் கரைந்தது.

யந்திரம் ஓட, முன்விளக்கும் விசிறியும் போட்ட நிலையில், ஆல்டர்னேட்டரின் பின்புறத்தில் தடித்த ஒயர் பூட்டியிருக்கும் போல்ட்டில் சிவப்பு ஊசியையும், பாட்டரியின் பாஸிட்டிவ் முனையில் கறுப்பு ஊசியையும் வையுங்கள். 0.3 வோல்ட் வரை மன்னிக்கலாம். பிறகு ஆல்டர்னேட்டரின் வெறும் உலோக உடலில் ஓர் ஊசியும் பாட்டரியின் நெகட்டிவ் முனையில் மற்றோர் ஊசியும். இங்கே 0.2க்கு மேல் போகக் கூடாது. ஸ்டார்ட்டருக்கும் இப்படியே, சாவியைத் திருப்பிக்கொண்டிருக்கும்போது பார்க்க வேண்டும். பாட்டரியின் பாஸிட்டிவ் முனைக்கும் ஸ்டார்ட்டரின் பெரிய போல்ட்டுக்கும் இடையே அரை வோல்ட் வரை இருக்கலாம். பாட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் யந்திரத்தின் இரும்புக்கும் இடையே அதைவிடக் குறைவாக இருக்க வேண்டும்.

ஊசியை வைக்கும்போது பாட்டரியின் ஈய முனையையே தொட வேண்டும், அதைப் பிடித்திருக்கும் கவ்வியை அல்ல. முனையில் ஓர் ஊசி, அதன் கவ்வியிலேயே மற்றோர் ஊசி என்று வைத்துப் பார்ப்பதும் நல்ல சோதனை. ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும் இரண்டு உலோகங்களுக்கு இடையே அரை வோல்ட் காட்டும் வண்டிகள் உண்டு. வெளிப் பார்வைக்கு அந்தக் கவ்வி பளபளப்பாகவே இருக்கும்.

வேனெட், ஹையேஸ் போன்று யந்திரம் முன் இருக்கைக்கு அடியில் உள்ள வேன்களில் ஆல்டர்னேட்டரைத் தொடுவது சிரமம். இருக்கையைத் தூக்கியோ கீழிருந்தோதான் எட்ட முடியும். கீழிருந்து பார்ப்பதானால் ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்க வேண்டாம்.

உணவகங்களுக்கு மசாலாத் தூள் கொண்டு கொடுக்கும் ஒரு வியாபாரியின் வேனில் நேர்ந்ததை இங்கே சொல்வது பொருந்தும். ஓர் ஆண்டுக்குள் இரண்டு பாட்டரி, அதன்பின் புதுப்பித்த ஆல்டர்னேட்டர் ஒன்று. ஆயினும் காலையில் ஸ்டார்ட்டர் இழுவையாகவே சுழன்றது. சிக்னல் விளக்கு மினுங்கும்போதெல்லாம் முன்விளக்கும் கூடவே மங்கியது. ஆக்ஸிலேட்டர் கம்பி தொட்டால் சுடுகிறது என்று அவர் ஒரு வார்த்தை சொன்னார். அந்த ஒரு வார்த்தைதான் வழி காட்டியது. அளந்து பார்த்ததில் ஸ்டார்ட்டர் சுழலும்போது பாட்டரி 11.2 வோல்ட்டில் நின்றது. பாட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் யந்திரத்துக்கும் இடையே 2.4 வோல்ட்! யந்திரத்தையும் வண்டியின் பாடியையும் இணைக்கும் பின்னல் பட்டை, எர்த் பட்டை என்பார்களே அது, போல்ட்டுக்கு அடியில் பச்சை பூத்து அரித்துக் கிடந்தது. திரும்பிப் போக வழியில்லாத மின்சாரம் ஆக்ஸிலேட்டர் கம்பி வழியாகப் போய்க்கொண்டிருந்தது. கம்பி சுட்டதற்குக் காரணம் அதுதான். ஆல்டர்னேட்டரில் 14.2 வோல்ட் இருக்க, பாட்டரிக்கு 13.2தான் வந்து சேர்ந்தது. புதுப் பாட்டரி எதுவும் என்றுமே நிறைந்ததில்லை. நிறையாத பாட்டரியின் தகடுகளில் சல்ஃபேட் படிந்து இறுகி, அது சீக்கிரமே செத்துப்போகும். இரண்டு பாட்டரிகளையும் கொன்றது ஒரு துண்டுப் பட்டைதான்.

மின்சாரத்துக்குப் போகும் வழியும் வேண்டும், திரும்பி வரும் வழியும் வேண்டும். காரில் திரும்பி வரும் வழி பெரும்பாலும் வண்டியின் இரும்பே. போகும் வழியை எல்லோரும் பார்க்கிறார்கள். வரும் வழியை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நம் நாட்டு மழையும், கடலோர ஊர்களின் உப்புக் காற்றும் அந்த எர்த் முனைகளைத்தான் முதலில் பிடிக்கின்றன.

சுத்தம் செய்யும் முறை

பாட்டரியைக் கழற்றும்போது நெகட்டிவ் கவ்வியை முதலில் எடுங்கள். பூட்டும்போது அதைக் கடைசியில் பூட்டுங்கள். காரணம் எளிது. நெகட்டிவ் கழன்றுவிட்டால், பாஸிட்டிவ் முனையில் வேலை செய்யும் ஸ்பானர் தவறி வண்டியின் இரும்பில் பட்டாலும் ஒன்றும் நேராது. ரேடியோவுக்குக் குறியீட்டு எண் கேட்கும் வண்டியானால் அந்த எண்ணை முன்னதாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

கவ்வியில் வெள்ளையாகவோ நீலப் பச்சையாகவோ பூத்திருப்பது அமிலத்தின் வேலை. ஆப்பச் சோடாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினால் பொங்கி அடங்கும். ஆனால் அது பாட்டரியின் மூடி வழியாக உள்ளே போகக் கூடாது. உள்ளே உள்ள அமிலத்தையே கெடுத்துவிடும். பிறகு கம்பிப் பிரஷ்ஷாலோ உப்புத்தாளாலோ முனையையும் கவ்வியின் உட்புறத்தையும் தேய்த்து, ஈயம் மின்னும்படி செய்யுங்கள். வெளியே பளபளக்கச் செய்து பயனில்லை. இரண்டும் தொடும் முகம்தான் முக்கியம். கவ்வியைக் கையால் திருக முடியாத அளவுக்கு இறுக்குங்கள். அளவுக்கு மிஞ்சி இறுக்கினால் முனையே உடையும். கடைசியாகச் சிறிது வாஸ்லினை மேலே தடவினால் காற்றும் ஈரமும் அண்டாது. எர்த் பட்டைகளைக் கழற்றி, அவை அமரும் இடத்தின் பெயிண்ட்டையும் துருவையும் சுரண்டி வெறும் இரும்பு தெரியச் செய்தபின் மீண்டும் பூட்ட வேண்டும்.

பிற்பாடு சேர்த்த சாமான்களின் ஒயர்களையும் பாருங்கள். ஹார்ன், காமரா, கூடுதல் விளக்கு என்று ஒவ்வொன்றுக்கும் எவரோ ஒருவர் ஒயரை முறுக்கி டேப் சுற்றிவிட்டுப் போயிருப்பார். போனட்டுக்குள் அடிக்கும் வெப்பத்தில் டேப்பின் பசை உருகி வழிந்துவிடும். அங்கே முனை வைத்து நெரித்த இணைப்போ, ஈயம் பற்றவைத்து மேலே குழாய் மூடிய இணைப்போதான் நிற்கும். 10 ஆம்பியர் பியூஸ் அடிக்கடி போகிறது என்று 20 போடுவதும், சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றி வைப்பதும் வண்டிக்குத் தீ வைக்கும் காரியம். பியூஸ் காப்பது ஒயரை.

ஆல்டர்னேட்டர் மேல் பழி போடுமுன்

வரவு இல்லை என்று மூன்றாம் அளவு காட்டினாலும், உடனே ஆல்டர்னேட்டரைக் கழற்ற வேண்டாம். பெல்ட்டைப் பாருங்கள். விரலால் நடுவில் அழுத்தினால் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் கொடுக்க வேண்டும். தானே இறுக்கிக்கொள்ளும் அமைப்புள்ள வண்டிகளில் இச்சோதனை பொருந்தாது. மழை நாளில் கிறீச்சிடும் பெல்ட், கண்ணாடிபோல் மினுங்கும் பெல்ட், வெடித்த பெல்ட் இவையெல்லாம் வழுக்கும். யந்திரத்தை நிறுத்தியபின்தான் கை வைக்க வேண்டும்.

அடுத்தது எச்சரிக்கை விளக்கு. சாவியை 'ஆன்' நிலைக்குத் திருப்பும்போது பாட்டரிப் படம் போட்ட சிவப்பு விளக்கு எரிய வேண்டும். யந்திரம் ஓடியதும் அணைய வேண்டும். சாவியைத் திருப்பும்போதே எரியாவிட்டால் 'நல்லதாயிற்று' என்று இருந்துவிடாதீர்கள். பழைய வண்டிகள் பலவற்றில் அந்தச் சிறு பல்பு வழியாக வரும் மின்சாரம்தான் ஆல்டர்னேட்டருக்கு முதல் காந்தத்தை ஊட்டுகிறது. பல்பு போனால் சார்ஜும் போகும். சில காசு பல்புக்காக முழு ஆல்டர்னேட்டரை மாற்றுவது உண்டு.

பாட்டரிக்கும் ஆல்டர்னேட்டருக்கும் நடுவே பெரிய பியூஸ் ஒன்றும் உண்டு. ஜம்பர் ஒயரை மாற்றிப் பூட்டிய வண்டிகளில் முதலில் போவது அதுவே. இவையெல்லாம் சரியாக இருந்தும் வரவு இல்லையென்றால் பழுது ஆல்டர்னேட்டருக்குள்தான். உள்ளே டயோடு போயிருக்கிறதா என்று அறிய, யந்திரம் ஓடும்போது மீட்டரை மாறுமின்சார இடத்தில் வைத்துப் பாட்டரி முனைகளில் பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் டயோடு கெட்டிருக்கிறது.

இங்கே ஒரு பழைய பழக்கத்தைக் கண்டிக்க வேண்டியிருக்கிறது. வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது பாட்டரிக் கவ்வியைப் பிடுங்கிப் பார்த்து, 'நிற்கவில்லை, ஆகவே சார்ஜ் வருகிறது' என்று சொல்லும் பழக்கம் அது. மோரிஸ் மைனர் காலத்து டைனமோ வண்டிகளில் இதைச் செய்து தப்பியவர்கள் உண்டு. அமெரிக்காவில் கிறைஸ்லர் நிறுவனம் 1960-ஆம் ஆண்டின் வேலியன்ட் காரில் ஆல்டர்னேட்டரை வைத்தது. பின்னர் உலகமெங்கும் டைனமோ மறைந்தது. ஆல்டர்னேட்டர் ஓடும்போது பாட்டரியைப் பிடுங்கினால் வோல்ட் பலமடங்கு தாவி, ரெகுலேட்டரையும் வண்டியின் கணினியையும் எரித்துவிடக்கூடும்.

இரவில் யார் எடுக்கிறார்கள்?

மாலையில் 12.6, காலையில் 12.1 என்றால் நின்ற வண்டியில் ஏதோ ஒன்று மின்சாரம் குடிக்கிறது. கடிகாரம், அலாரம் முதலியவற்றுக்குச் சிறிது செலவு இருக்கவே செய்யும். 50 மில்லி ஆம்பியர் வரை ஒப்புக்கொள்ளலாம். 45 ஆம்பியர்-மணி பாட்டரி ஒன்று அந்தச் செலவுக்கு ஒரு மாதத்துக்கு மேல் தாங்கும். அதுவே அரை ஆம்பியர் என்றால் நான்கு நாளில் காலி. இரண்டாம் நாளே ஸ்டார்ட்டர் திணறும்.

நெகட்டிவ் கவ்வியைக் கழற்றி, மீட்டரை 10 ஆம்பியர் நிலையில் வைத்து, முனைக்கும் கவ்விக்கும் இடையே இணையுங்கள். கதவுகளை மூடி, சாவியைத் தூரத்தில் வைத்து, அரை மணி நேரம் பொறுங்கள். வண்டியின் கணினிகள் உறங்க நேரம் பிடிக்கும். மீட்டர் இணைந்திருக்கும்போது சாவியைத் திருப்பவே கூடாது. அளவு அதிகமாக இருந்தால் பியூஸ்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். எதை எடுத்தபோது அளவு விழுகிறதோ அந்த வழியில்தான் குற்றவாளி. எந்தப் பியூஸை எடுத்தும் விழாவிட்டால் ஆல்டர்னேட்டரின் கெட்ட டயோடே குடிக்கலாம். பின்கதவுக்குள் விளக்கு அணைகிறதா என்ற சந்தேகமா? கைத்தொலைபேசியில் படம் பிடிக்கவிட்டு உள்ளே வைத்துக் கதவை மூடிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

பாசார் மாலாமில் கடை போடும் சகோதரர்கள் தங்கள் திருடனைத் தாங்களே வைத்துக்கொண்டிருக்கிறார்கள். வேன் பாட்டரியிலிருந்து 10 வாட் விளக்கு நான்கு எரித்தால் 3 ஆம்பியருக்கு மேல் செலவு. நான்கு மணி நேரத்தில் 13 ஆம்பியர்-மணி. 45 ஆம்பியர்-மணி பாட்டரியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. வீட்டுக்குப் பதினைந்து நிமிடம் ஓட்டிப் போவதில் அது திரும்பி நிறையாது. அதிலும் நெரிசலில் நின்று நின்று போகும்போது ஆல்டர்னேட்டர் தன் முழு அளவைக் கொடுப்பதேயில்லை. காரின் பாட்டரி ஒரு கணம் பெருந்தொகை கொடுத்துவிட்டு உடனே திரும்பப் பெறுவதற்காகச் செய்யப்பட்டது. தினமும் ஆழமாக இறக்கி ஏற்றினால் அதன் ஆயுள் குறையும். கடை விளக்குக்கென்று, ஆழமாக இறக்க ஏற்ற தனிப் பாட்டரி ஒன்றை வீட்டில் சார்ஜ் செய்து கொண்டுபோவதே கட்டுப்படியாகும் வழி.

அவசரத்துக்கு மற்றொரு வண்டியிலிருந்து மின்சாரம் வாங்கும்போது, சிவப்பு ஒயரை முதலில் செத்த பாட்டரியின் பாஸிட்டிவில், பிறகு நல்ல பாட்டரியின் பாஸிட்டிவில். கறுப்பை நல்ல பாட்டரியின் நெகட்டிவில் பூட்டி, அதன் மறுமுனையைச் செத்த வண்டியின் யந்திர இரும்பில், பாட்டரிக்குத் தள்ளிப் பூட்டுங்கள். கடைசி முனையில்தான் பொறி வரும். அது பாட்டரி வாயுவுக்கு அருகில் வரக் கூடாது. ஹைபிரிட் வண்டி வைத்திருப்போர் ஆரஞ்சு நிற ஒயர்களைத் தொடவே வேண்டாம். அவற்றில் உயிரைப் பறிக்கும் மின்சாரம் இருக்கிறது. அத்தகைய வண்டிகளில் ஆல்டர்னேட்டரும் கிடையாது. 12 வோல்ட் பாட்டரியை வேறொரு கருவி சார்ஜ் செய்கிறது.

இவ்வளவும் பார்த்தபின் பட்டறைக்குப் போக நேர்ந்தால், அளவுகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: நின்றபோது எவ்வளவு, ஸ்டார்ட்டர் சுழன்றபோது எவ்வளவு, ஓடும்போது எவ்வளவு, எர்த் பக்கத்தில் இழந்தது எவ்வளவு. நல்ல 'பொமன்' அந்தத் தாளைப் பார்த்ததும் எங்கே கை வைப்பது என்று அறிவார். பாட்டரிதான் மாற்ற வேண்டும் என்று முடிவானால், பழைய பாட்டரியின் மேல் உள்ள எழுத்துகளை, என்எஸ் 60 எல் என்பதுபோல் இருக்கும், ஒன்று விடாமல் குறித்துக்கொள்ளுங்கள். கடைசியில் வரும் எல், ஆர் என்ற எழுத்து மாறினால் முனைகள் இடம் மாறி, ஒயர் எட்டாது. தயாரித்த தேதியையும் கேளுங்கள்; கடையலமாரியில் மாதக்கணக்கில் சார்ஜ் இல்லாமல் கிடந்த பாட்டரி, புதிதாக இருந்தும் பாதி செத்ததே. வாங்குமுன் உங்கள் மீட்டரை அதன் முனைகளில் வையுங்கள். 12.4க்குக் கீழே காட்டினால் வேறொன்றைக் காட்டச் சொல்லுங்கள்.